அறுநூற்றுப் பதினோரு நாள்

ஒதிலியா அனுப்பியது: கூரை.
நான் அனுப்பியது: முழங்கால், போர்வை, பாதி இருட்டு.
கணக்கு நேர்.
எங்கள் பெயர்களுக்கு நடுவே ஒரு சின்னச் சுடர்,
பக்கத்தில் எண்:
அறுநூற்றுப் பதினொன்று.

ஒருநாள் தவறினால் அணைந்துவிடும்.
அதனால் காய்ச்சலிலும் அனுப்பினேன்.
மாமாவின் அடக்கத்தன்று
கல்லறை வாசலில் நின்று
கையுறையைப் பல்லால் கழற்றி அனுப்பினேன்.
பேச்சு மட்டும்
ஜூலையில் எப்போதோ நின்றுபோயிருந்தது.
சண்டையெல்லாம் இல்லை.

அவள் போர்வெனிரில், நான் புன்டா அரேனாஸில்.
நடுவே ஜலசந்தி.
கப்பலில் இரண்டேகால் மணி நேரம்.
போனதில்லை.
அவள் கூரையின் ஈரக்கறையை நன்றாகத் தெரியும்,
மார்ச்சில் காசளவு, இப்போது தட்டளவு.
முடி வெட்டிக்கொண்டாளா என்று கேட்டால்
தெரியாது.

டிசம்பர். இரவு பத்தாகியும் வெளிச்சம் போகாது.
நுழைவுத்தேர்வுக்கு ஒன்பது நாள்.
நிகழ்தகவு, பக்கம் நூற்று நாற்பத்திரண்டு:
ஒரு பையில் ஏழு சிவப்புப் பந்து, ஐந்து கறுப்பு.
பார்க்காமல் ஒன்றை எடு.
எடுப்பதற்குள் சுடரின் ஞாபகம்.
ஒரே ஒரு படம் என்று போனைத் தொட்டால்
கட்டைவிரலுக்குத் தனி மூளை.

ஃபெர்மினாவின் மாதிரித்தேர்வு மதிப்பெண்,
கேக்கின் மேல் கிரீமில்.
அவள் அழுததையும் அவளே எடுத்துப் போட்டிருந்தாள்,
நல்ல வெளிச்சத்தில்.
யாரோ ஒருத்தியின் இடுப்பு.
யாரோ ஒருவன் நாலரைக்கு எழுந்து படிக்கிறானாம்.
அவன் எழுவதைப் பார்க்கிறேன்,
நான் இன்னும் தூங்கவே இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா.
நண்டுத் தொழிற்சாலையில் பகலெல்லாம் நின்ற கால்களை
நாற்காலியில் நீட்டிக்கொண்டு
முன்பின் தெரியாத ஒருத்தி
அடுப்பு துடைப்பதைப் பார்க்கிறாள், சத்தத்தோடு.
"படிக்கிறாயா?"
"ம்."
பொய்யில்லை. புத்தகம் திறந்துதான் கிடந்தது.

வியாழக்கிழமை காற்று வந்தது.
எங்கள் ஊர்க் காற்று தகரத்தை உரிக்கும்,
நாயை நகர்த்தும்.
மின்சாரம் போனது. பின்னால் டவரும் போனது.
பேட்டரி பதினொரு சதவீதம்.
பெயருக்குப் பக்கத்தில் மணற்கடிகாரம் முளைத்துவிட்டது,
இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று.

கிளம்பிவிட்டேன்.
முனையில் நகராட்சி கட்டிய கயிற்றை ஒரு கையால் பிடித்து
மறு கையால் போனைத் தூக்கிக்கொண்டு,
சிலுவைக் குன்றின் படிகளில்
சிக்னல் தேடி,
கண்ணில் மண்,
வாயில் முடி.
எனக்கே சிரிப்பு வந்தது.
அழுகையும்தான்; காற்றில் எது எதென்று தெரியவில்லை.
எதிர்க்கரை ஒரு கோடாகத் தெரிந்தது.
அங்கே அவளும் எங்காவது ஏறி நிற்கிறாளோ?
நாலு சதவீதம்.
இரண்டு.
கறுப்பு.

அன்றிரவு எட்டு மணி நேரம் தூங்கினேன்.
எப்படி என்று கேட்காதீர்கள்.

மறுநாள் மதியம் டவர் வந்தது.
சுடர் இருந்த இடம் மொட்டையாக இருந்தது.
அதன் கீழே, ஐந்து மாதத்தில் முதல் சொல்:
"போச்சா?"
"போச்சு."
மூன்று புள்ளிகள் துள்ளின, நின்றன, துள்ளின.
"அப்பாடா."

பிறகு வெகு நேரம் ஒன்றுமில்லை.
பிறகு:
"நான் தேர்வுக்குப் பதிவே செய்யவில்லை, டானிட்சா.
வீட்டில் தெரியாது."

அறுநூற்றுப் பதினோரு படம்.
ஒன்றில்கூட இது இல்லை.
அல்லது அந்தக் கறையில் இருந்ததோ,
நான்தான் எண்ணை மட்டும் பார்த்தேனோ.

என்ன எழுத என்று விரலுக்குத் தெரியவில்லை.
தனி மூளை உள்ள அதே விரல்.
அழைத்தேன். மணி அடித்தது, அடித்தது,
எடுத்துவிட்டாள்.
இருவரும் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விட்டோம்.
அவள் குரல் கனத்திருந்தது.

திரையின் அடியில் இப்போதும் ஒரு பொத்தான்:
சுடரை மீட்க வேண்டுமா? ஒரு முறை இலவசம்.
அழுத்தவில்லை.
அதை மூடவும் இல்லை இன்னும்.

ஞாயிறு கப்பல் எத்தனை மணிக்கு என்று பார்த்து வைத்திருக்கிறேன்.
பந்துக் கணக்கு பாதியில் நிற்கிறது.
ஏழு சிவப்பு, ஐந்து கறுப்பு.
கை பைக்குள்.